எஸ்கியூஎல் தரநிலையில் ஒரு விதியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நான் பராமரிக்கும் சிறிய கட்டற்ற நிரலகம் ஒன்று, எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் உள்ள ஒரே வினவலைப் பல தரவுத்தளங்களுக்கு ஏற்றபடி எழுதித் தருகிறது. வரிசைப்படுத்தும்போது நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி) மதிப்புகள் ஒரு தரவுத்தளத்தில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் வருகின்றன என்று ஒரு பிழை அறிக்கை வந்தது. தரநிலை என்ன சொல்கிறதோ அதையே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தரநிலையைத் தேடிப் படித்து, தவறாகப் புரிந்துகொண்டு, பிறகு சரியாகப் புரிந்துகொள்ள மூன்று வாரம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வினவல் எழுதத் தெரிந்தவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சரியான ஆவணம்

எஸ்கியூஎல் தரநிலையின் எண் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 9075. 1986-இல் அமெரிக்கத் தரநிலையாகவும் 1987-இல் பன்னாட்டுத் தரநிலையாகவும் வெளியானது. இப்போது நடப்பில் இருப்பது 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் 11 பகுதிகள் உள்ளன. ஆனால் பகுதி எண்கள் 16 வரை போகின்றன, நடுவில் சில எண்கள் இல்லை. விடுபட்டவற்றைத் தேடி அலைய வேண்டாம். நடப்புப் பதிப்பில் அவை கிடையாது. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் 2-ஆம் பகுதியான ஃபவுண்டேஷனில்தான் இருக்கும். அது ஒன்றே 1,500 பக்கங்களைத் தாண்டும்.

படி 2: பணம் கட்டுவதற்கு முன்

தரநிலையின் முழு உரை விலைக்குத்தான் கிடைக்கிறது. இருந்தாலும் ஐ.எஸ்.ஓ. தளத்தின் இணைய உலாவல் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியின் பொருளடக்கத்தையும் கலைச்சொல் விளக்கங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். 1992 பதிப்பின் வரைவு, எளிய உரைக்கோப்பாகப் பல ஆண்டுகளாக இணையத்தில் இருக்கிறது. ஆவணத்தின் நடையைப் பழகிக்கொள்ள அது அருமையானது. கிரெப் என்ற உரைதேடும் கட்டளை கொண்டு தேட முடிகிறது என்பதற்காகவே எனக்கு அதன்மீது தனிப் பிரியம். ஆனால் அது வரைவு, அதுவும் பழையது. அதை மேற்கோளாகக் காட்டி யாரோடும் வாதிட வேண்டாம்.

படி 3: இலக்கணத்தில் இருப்பதெல்லாம் கட்டாயம் அல்ல

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

தரநிலையில் ஒவ்வொரு கூறும் ஒரே அமைப்பில் எழுதப்பட்டிருக்கும்: முதலில் அதன் பயன், அடுத்து இலக்கண வடிவம், பிறகு தொடரியல் விதிகள், அணுகல் விதிகள், பொது விதிகள், கடைசியாக இணக்க விதிகள். வரிசைப்படுத்தும் கூறின் இலக்கணத்தில் 'நல்ஸ் ஃபர்ஸ்ட்', 'நல்ஸ் லாஸ்ட்' என்ற இரண்டும் தெளிவாக இருந்தன. அதைப் பார்த்ததும் ஆவணத்தை மூடிவிட்டேன். எல்லாத் தரவுத்தளங்களுக்கும் அந்தச் சொற்களையே எழுதித் தரும்படி நிரலகத்தை மாற்றி வெளியிட்டேன். மறுநாளே ஒரு பயனரின் வினவல்கள் அத்தனையும் தொடரியல் பிழையோடு திரும்பின. அவருடைய தரவுத்தளத்துக்கு அந்தச் சொற்களே தெரியாது.

இன்னும் சில பத்திகள் கீழே போயிருந்தால் இணக்க விதியைப் பார்த்திருப்பேன். டி611 (T611) என்ற எண் கொண்ட வசதி இல்லாவிட்டால் அந்தச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. டி611 விருப்ப வசதி. அதை ஆதரிக்காத தரவுத்தளம் எந்தக் கட்டாயத்தையும் மீறவில்லை. சொற்களைக் குறிப்பிடாதபோது நல் மதிப்புகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் தரநிலை அந்தந்தத் தரவுத்தளத்திடமே விட்டுவிடுகிறது. அதனால்தான் ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ் அவற்றைக் கடைசியிலும், எஸ்கியூலைட்டும் மைஎஸ்கியூஎல்லும் முதலிலும் வைக்கின்றன. மூன்றுமே தரநிலைப்படி சரி.

ஆகவே எந்தக் கூறையும் கீழிருந்து மேலாகப் படியுங்கள். இணக்க விதிகளை முதலில் பார்த்து, அங்கே உள்ள வசதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டேஷன் பகுதியின் பின்னிணைப்பில் கட்டாய வசதிகளுக்கு ஓர் அட்டவணையும் விருப்ப வசதிகளுக்கு இன்னொன்றும் இருக்கின்றன. உங்கள் எண் எதில் இருக்கிறது என்று பாருங்கள். எஃப் (F), டி (T) எழுத்துகளில் தொடங்கும் எண்கள் இரண்டு அட்டவணைகளிலும் கலந்து கிடக்கும். எழுத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. 'இம்ப்ளிமென்டேஷன் டிஃபைன்டு' என்று இருந்தால், தரவுத்தளம் தன் விருப்பப்படி செய்யலாம், ஆனால் என்ன செய்கிறது என்று ஆவணப்படுத்த வேண்டும். 'இம்ப்ளிமென்டேஷன் டிபென்டென்ட்' என்றால் ஆவணப்படுத்தும் கடமையும் இல்லை. இரண்டாவதை நம்பி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

படி 4: வசதி எண்ணோடு போஸ்ட்கிரெஸுக்குப் போங்கள்

நீங்கள் வேறு தரவுத்தளம் பயன்படுத்தினாலும் இதைச் செய்யுங்கள். தரநிலைக்குள் நுழைய இலவசமாகக் கிடைக்கும் வாசல்களில் போஸ்ட்கிரெஸ் ஆவணமே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் கீழே 'கம்பாட்டிபிலிட்டி' என்ற பிரிவு, எது தரநிலை, எது அவர்களுடைய சொந்தச் சேர்க்கை என்று பிரித்துச் சொல்கிறது. 'லிமிட்' தரநிலையில் இல்லை, 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' என்பதே 2008 பதிப்பில் வந்த வடிவம் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பின்னிணைப்பு டி-யில் (D) வசதி எண்களின் முழுப் பட்டியல் இருக்கிறது. முழு இணக்கத்துக்குத் தேவையான 177 கட்டாய வசதிகளில் குறைந்தது 170 தங்களிடம் இருப்பதாக அங்கே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் நிறுவியிருந்தால், தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் உள்ள எஸ்கியூஎல் ஃபீச்சர்ஸ் என்ற அட்டவணையை வினவினாலே இதே பட்டியல் வந்துவிடும்.

மைஎஸ்கியூஎல் கையேட்டிலும் தரநிலையிலிருந்து விலகும் இடங்களைச் சொல்லும் பிரிவு உண்டு. சுருக்கமானதுதான், ஆனாலும் படியுங்கள்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

ஒரு தரவுத்தளம் தரநிலைக்கு இணங்குகிறதா என்று அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் ஒரு காலத்தில் சோதித்துச் சான்று அளித்தது. 1996-இல் அது நின்றுபோனது. இன்று இணக்கம் என்பது தரவுத்தளத்தை உருவாக்குபவர்களே சொல்லிக்கொள்வது. அதனால் நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் அந்த வினவலை ஓட்டிப் பார்க்க வேண்டும். வினவலை உலாவியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் இணையத்தளங்களைவிட, சொந்தக் கணினியில் டாக்கர் கொள்கலன்களாக (தனித்தனியாக ஓடும் மென்பொருள் பொதிகளாக) வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பது நம் கையில் இருக்கும். என் பிழைக்கும் தீர்வு இப்படித்தான் கிடைத்தது: நல் என்றால் 1, இல்லையென்றால் 0 தரும் 'கேஸ்' கோவையை முதல் வரிசைத் திறவாகவும் உண்மையான நெடுவரிசையை இரண்டாவதாகவும் வைத்தேன். மூன்று தரவுத்தளங்களிலும் ஒரே விடை.

பின்சேர்க்கை 1: தரநிலையின் இலக்கணத்தை அப்படியே நகலெடுத்துத் தன் திட்டத்தின் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த உரைக்குப் பதிப்புரிமை உண்டு, கட்டற்ற உரிமத்தின்கீழ் அதை வெளியிட நமக்கு உரிமை இல்லை. நிரலின் குறிப்புரையில் பதிப்பின் ஆண்டு, பகுதி எண், கூறின் பெயர், வசதி எண் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். கூறின் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும், அதனால் பெயரையே நம்புங்கள்.

பின்சேர்க்கை 2: தரவை முடிச்சுகளாகவும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளாகவும் வைக்கும் வரைபடத் (graph) தரவுத்தளங்களுக்கான ஜி.க்யூ.எல். என்ற வினவல் மொழி இந்த ஆவணத்துக்குள் இருக்கிறதா என்று இருவர் கேட்டார்கள். இல்லை. அது ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 39075 என்ற தனித் தரநிலை, 2024-இல் வெளியானது. எஸ்கியூஎல்லுக்குள்ளிருந்தே வரைபடங்களை வினவ வேண்டுமென்றால் 9075-இன் 16-ஆம் பகுதியைப் பாருங்கள்.