"இவரை வீழ்த்தவே முடியாது" என்று சொல்வதற்கு முன்

குத்துச்சண்டையில் மிகக் கனத்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் ஒருவர் நாலைந்து வருடம் தோற்காமல் இருந்துவிட்டால் போதும், எங்கள் பயிற்சிக்கூடத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு அவரை யாராலும் தொடக்கூட முடியாது. இன்னொரு கட்சி செல்போனில் எங்கிருந்தோ ஒரு பழைய வீடியோவைத் தேடி எடுத்து, "இங்க பாருங்க மாஸ்டர், இப்படி அடிச்சா விழுந்துடுவாரு" என்று என் முகத்துக்கு நேராக நீட்டும். புதிதாக வருகிற பையன்கள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வயதில் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பதால் அவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது நன்றாகத் தெரிகிறது.

சாம்பியனை வீழ்த்த முடியுமா என்றால், முடியும். லிஸ்டன், ஃபோர்மேன், மைக் டைசன், கிளிட்ச்கோ, ஜோஷுவா எல்லோருமே தோற்றிருக்கிறார்கள். யாரால், எப்படி என்று கணிக்கும்போதுதான் தவறு நடக்கிறது. கையை இறக்காதே, மூச்சைப் பிடிக்காதே மாதிரி முதல் வாரப் பாடங்களை இங்கே நான் தொடப்போவதில்லை.

எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பது

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகமது அலியைச் சந்தித்தபோது ஜார்ஜ் ஃபோர்மேனின் கணக்கு 40 போட்டி, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். ஜோ ஃபிரேசியரை ஆறு முறை தரையில் தள்ளி இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தவர். கென் நார்டனுக்கும் இரண்டே ரவுண்டுதான். ஃபிரேசியரும் நார்டனும் அலியைத் தோற்கடித்தவர்கள். அலியை அடித்தவர்களையே இவர் இப்படி அடித்தால் அலியின் கதி என்ன என்று அன்று உலகமே கணக்குப் போட்டது. எங்கள் பையன்களும் இன்று இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

அந்த 37 நாக் அவுட்டில் பெரும்பாலானவை முதல் சில ரவுண்டுகளில் முடிந்தவை. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேனின் கை எவ்வளவு கனக்கும் என்று அந்தப் பட்டியலில் தேடினால் பதில் கிடைக்காது. அலி கயிற்றில் சாய்ந்து, கையாலும் தோளாலும் அடியை வாங்கிக்கொண்டு, அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேன் விழுந்தார்.

ஒரு சாம்பியனின் பட்டியலைக் கையில் எடுத்தால் வெற்றிகளை எண்ணாதீர்கள். அவரைவிட உயரமானவர்கள் எத்தனை பேர், இடதுகைக்காரர்கள் எத்தனை பேர், பத்தாவது ரவுண்டு வரை அவரை இழுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பூஜ்யம் வருகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை

சிறியவர் பெரியவரை ஜெயிக்க முடியாது என்பார்கள். உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் இங்கிலாந்தின் டைசன் ஃபியூரியைவிட அரை அடி குட்டை, எடையிலும் பல கிலோ குறைவு. அந்த உசிக்தான் 2024-இல் அவரை இரண்டு முறை ஜெயித்தார்.

பழைய ஓட்டையைத் தேடிப் போவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கிற தவறு இது. சாம்பியன் எப்போதோ ஒருமுறை தோற்ற வீடியோவைப் பார்த்துவிட்டு, அதே ஓட்டை இன்றும் திறந்தே இருக்கிறது என்று நம்புவது.

விளாடிமிர் கிளிட்ச்கோவை எடுத்துக்கொள்வோம். 2003 மார்ச்சில் ஹனோவரில் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டே ரவுண்டில் சாய்த்தார். 2004 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் லேமன் புரூஸ்டர் ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தினார். அன்றிலிருந்து கிளிட்ச்கோவுக்குத் தாடை பலவீனம், கையில் பலம் உள்ளவன் ஒருத்தன் முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் போதும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். 2005 செப்டம்பரில் சாமுவேல் பீட்டர் அதைத்தான் செய்தார். மூன்று முறை கிளிட்ச்கோவைத் தரையில் தள்ளினார். அப்படியும் மூன்று நடுவர்களிடமும் 114-111 என்ற புள்ளிக்கணக்கில் ஜெயித்தவர் கிளிட்ச்கோதான்.

அன்றே கண் திறந்திருக்க வேண்டும். புரூஸ்டரிடம் தோற்ற பிறகு கிளிட்ச்கோவும் அவர் பயிற்சியாளர் எமானுவேல் ஸ்டீவர்டும் சேர்ந்து அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு மதிலே கட்டிவிட்டார்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடது கை முன்னால் நீண்டு, எதிராளியின் கையுறையைத் தட்டித் தட்டித் தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். தூரம் சரியாக இருந்தால் அந்த நீட்டிய கையாலேயே சட்டென்று ஒரு நேர்க்குத்து, அதுதான் ஜாப், அதன் பின்னாலேயே நேரான வலது குத்து. எதிராளி அதையும் மீறி உள்ளே நுழைந்தால் கழுத்தின் மேல் கையைப் போட்டு, நூறு கிலோவுக்கு மேல் உள்ள உடம்பு முழுவதையும் அவர் முதுகில் சாய்த்துவிடுவார். நடுவர் பிரித்துவிடுவார், மறுபடி முதலிலிருந்து ஜாப். பாய்ந்து வருகிறவனுக்கு இதைவிடக் கொடுமையான பொறி கிடையாது. பார்க்க அழகாக இருக்காது. 2013-இல் மாஸ்கோவில் பொவெட்கினைக் கட்டிப்பிடித்தே களைக்க வைத்ததைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். முடிவு 119-104.

ஆனாலும் கிளிட்ச்கோ சாம்பியனாக இருந்த ஒன்பதரை வருடமும் ஒவ்வொரு சவாலாளியைப் பற்றியும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: இவனுக்கு ஒரே அடியில் சாய்க்கிற பலம் இருக்கிறதா? டேவிட் ஹேவுக்கு இருந்தது. 2011-இல் ஹாம்பர்க்கில் பன்னிரண்டு ரவுண்டும் அந்த வலது கையை எறிய இடம் தேடியே தோற்றார்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மதில் எதன் மேல் நிற்கிறது? 198 செ.மீ. உயரம், 206 செ.மீ. கை வீச்சு. அளக்கிற கை தன்னுடையதாக இருக்கும் வரைதான் கிளிட்ச்கோவின் மற்ற எல்லாமே வேலை செய்யும். 2015 நவம்பர் 28 அன்று டுசெல்டார்ஃபில் எதிரே வந்த டைசன் ஃபியூரிக்கு 206 செ.மீ. உயரம், 216 செ.மீ. வீச்சு. முரட்டு அடிக்குப் பேர் போனவர் இல்லை. தலையாலும் தோளாலும் முன்கையாலும் ஓயாமல் பாவ்லா காட்டினார், நிற்கும் நிலையை மாற்றினார், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். கிளிட்ச்கோவின் இடது கை அளக்கப் போகும், அளக்க ஆள் அங்கே இருக்க மாட்டார். அளந்து முடிக்காமல் வலதை எறிந்து அவருக்குப் பழக்கமில்லை. பன்னிரண்டு ரவுண்டில் அவர் விட்ட குத்துகள் 231, பட்டவை 52. ஃபியூரியும் அப்படியொன்றும் அடித்துத் துவைக்கவில்லை, பட்டவை 86தான். பட்டம் கைமாற அது போதுமானதாக இருந்தது.

தாடை பற்றிய பேச்சு அந்த இரவில் எங்கேயும் வரவில்லை. அந்தத் தாடையை யாரும் உடைக்கவும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தத் தவறுக்கு எங்கள் கூடத்திலேயே ஒரு பையன் விலை கொடுத்தான். மாநில அளவில் இறுதிப் போட்டி. எதிராளி இவனைவிட ஒரு தலை உயரம். அந்த உயரக்காரன் முந்தைய வருடம் சுற்றி வந்த ஒரு வலது குத்தில் கீழே விழுந்த வீடியோ இவனுக்குக் கிடைத்துவிட்டது. "தம்பி, அது போன வருஷத்துப் படம்டா. இந்த வருஷம் அவன் இடது தோளைப் பாரு, தாடையோட ஒட்டியே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தலையை ஆட்டினான். மணி அடித்ததும் மூன்று ரவுண்டும், ஒன்பது நிமிடமும், அந்த ஒரே குத்தைத் துரத்தினான். ஒவ்வொரு முறை இவன் வலதைச் சுற்றும்போதும் அவன் தோளை உயர்த்தி, அரை அடி பின்வாங்கி, ஜாபால் மூக்கில் குத்தினான். ஐந்து நடுவர்களும் எதிராளிக்கே கொடுத்தார்கள். என் பையனுக்கு நல்ல வேகம் இருந்தது, உடம்பில் அடிக்கத் தெரியும். அந்த உயரக்காரனின் விலா முழுக்கத் திறந்துதான் கிடந்தது. அதை ஒருமுறைகூட முயன்று பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

விழுந்தவன் சும்மா இருக்க மாட்டான். எங்கே அடி வாங்கினானோ அந்த இடத்தைத்தான் முதலில் அடைப்பான். அடைப்பதற்காக எதை நகர்த்தினான், அதனால் எங்கே புதிதாகத் திறந்தது என்று பாருங்கள்.

வயது

"39 வயது, அதனால்தான் கிளிட்ச்கோ தோற்றார்" என்பார்கள். 2017 ஏப்ரலில், 41 வயதில், வெம்ப்ளியில் ஜோஷுவாவை ஆறாவது ரவுண்டில் கீழே தள்ளியதும் அதே கிளிட்ச்கோதான்.

கார்னரை மறப்பது

1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். மைக் டைசனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டே போகிறது. ஐஸில் போட்டுக் குளிர வைத்த சின்ன இரும்புக் கட்டி ஒன்றை வைத்து வீக்கத்தை அமுக்குவது கார்னரில், அதாவது ரவுண்டுகளுக்கு நடுவே வீரர் உட்காரும் மூலையில், நிற்பவர்களின் அன்றாட வேலை. டைசனின் கார்னரில் அந்தக் கட்டியே இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் ஒத்திக்கொண்டிருந்தார்கள். டைசனுக்குப் பயிற்சி கொடுத்துவந்த கெவின் ரூனியை 1988-இலேயே அனுப்பியாயிற்று. அதன் பிறகு தலையை ஆட்டி ஆட்டி உள்ளே நுழைகிற பழைய டைசன் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனதும், ஒற்றைக் குத்துக்காக நிற்கிற டைசன் வந்ததும் போட்டிகளிலேயே தெரிந்தது. பத்தாவது ரவுண்டில் பஸ்டர் டக்ளஸ் முடித்துவைத்தார்.

கிளிட்ச்கோவுக்கும் ஸ்டீவர்ட் 2012 அக்டோபரில் இறந்துபோனார். டுசெல்டார்ஃபில் திட்டம் பலிக்காமல் போனபோது கார்னரில் அவர் இல்லை. சாம்பியனின் பெயர் அதேதான் என்றாலும், ரவுண்டுகளுக்கு நடுவே அவர் காதில் பேசுபவர் யார் என்று பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

பந்தய விலை

டைசனோடு மோதிய டக்ளஸுக்கு மிராஜ் சூதாட்ட விடுதி கொடுத்த விலை 42-க்கு 1, அதாவது அவர் ஜெயித்தால் கட்டிய ஒன்றுக்கு நாற்பத்திரண்டு. அந்த விலையில் தெரியாதது ஒன்று: டக்ளஸின் கை வீச்சு 83 அங்குலம், டைசனுடையது 71.

"அதிர்ஷ்டக் குத்து"

இந்த வார்த்தையை எங்கள் கூடத்தில் நான் அனுமதிப்பதில்லை. 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் பிராக்பானில் ஹசீம் ரஹ்மான் லெனாக்ஸ் லூயிஸை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்ததை இப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரம். ரஹ்மான் பல நாள் முன்பே போய் அந்தக் காற்றுக்கு உடம்பைப் பழக்கினார். லூயிஸ் ஒரு சினிமாவில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாக வந்தார், எடையும் கூடியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, கையை இறக்கி, கயிற்றோடு நின்றபோதுதான் அந்த வலது விழுந்தது. அதே வருடம் நவம்பரில் ஒழுங்காகத் தயாராகி வந்த லூயிஸ் நான்காவது ரவுண்டில் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இப்போது உசிக்

பையன்கள் இப்போது கேட்பது இவரைப் பற்றித்தான். "உடம்புல அடிச்சா போதும் மாஸ்டர்" என்று 2023 ஆகஸ்டில் விராட்ஸ்வாஃபில் டேனியல் டுபுவா விட்ட குத்தைக் காட்டுகிறார்கள். ஐந்தாவது ரவுண்டில் இடுப்புக்கருகே பட்டு உசிக் சுருண்டார். நடுவர் அதை இடுப்புக்குக் கீழே பட்டதாகச் சொல்லி அவருக்கு ஓய்வு கொடுத்தார், ஒன்பதாவது ரவுண்டில் உசிக் போட்டியை முடித்தார். அது பழைய ஓட்டை. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் அதே டுபுவா மறுபடி வந்தார், ஐந்து ரவுண்டு தாண்டவில்லை.

எனக்கு உபயோகமாகத் தெரிவது வேறு வீடியோ. 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியுடன் நடந்த முதல் போட்டி, நான்காவதிலிருந்து ஏழாவது ரவுண்டு வரை. உள்ளே நுழைகிற உசிக்கை ஃபியூரி வயிற்றில் குத்தி, கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் குத்தால் வரவேற்ற நேரம் அது. ஒன்பதாவதில் உசிக் அவரைக் கயிறு வரை தள்ளாட வைத்து, கீழே விழுந்தவருக்குப் போல நடுவர் எண்ணத் தொடங்கும்படி செய்தார் என்பதால் எல்லோரும் அந்த ஒன்பதாவதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். நான்காவதைப் போடுங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு உசிக்கின் முன்காலை மட்டும் பாருங்கள். அது எப்போது உள்ளே வருகிறது, அந்த நொடியில் ஃபியூரியின் கை எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிசம்பர் மறுபோட்டியைப் போட்டு, அந்தக் கால் வைக்கிற இடத்தை உசிக் மாற்றியிருக்கிறாரா என்று ஒப்பிடுங்கள். அதை முடித்துவிட்டு வாருங்கள், யார் அவரை வீழ்த்துவார் என்று உட்கார்ந்து பேசலாம்.