பழைய காரில் பேட்டரியைக் காலி செய்வது யார்? கண்டுபிடிக்கும் வழி

ராத்திரி நிறுத்தும்போது நன்றாக இருந்த கார், காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்கிறது. உடனே எல்லோரும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஒரு புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடி ‘டக் டக்’. எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கசிவைப் பிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. 10 ஆம்பியர் வரை அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், ஓர் அரை நாள் பொறுமை, இவை போதும்.

முதலில் பேட்டரியை விசாரியுங்கள்

கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு வோல்ட் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைய சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது வராவிட்டால் கசிவைத் தேடிப் பயனில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜே ஏற்றவில்லை.

அப்புறம் ஓர் எளிய சோதனை. முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். (சில பழைய கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ ஒரு ரகசிய எண் கேட்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.) காலையில் வோல்ட் நன்றாக இறங்கியிருந்தால் பேட்டரிதான் குற்றவாளி. இறங்கவில்லையென்றால் காருக்குள் யாரோ குடிக்கிறார்கள்.

எர்த்

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களின் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி இவைதான்) முனையைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள்.

பழைய காரில் ‘பேய் பிடித்த’ மாதிரி நடக்கும் பாதி விஷயங்களுக்கு எர்த்தான் காரணம். பிரேக்கை மிதித்தால் அதே பக்கத்து இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? பின் விளக்குக் கூட்டில் எல்லா பல்புக்கும் பொதுவான எர்த் துருப்பிடித்திருக்கும். நேர்வழி அடைபட்டதால் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கிறது. பல்பை மாற்றி மாற்றிப் பணத்தை விட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் தொடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் வயர் வேலைக்கு ஆகாது.

கசிவை அளப்பது

எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டியிருக்கும். அப்போது கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிவிடுங்கள், அல்லது கதவுச் சட்டத்தில் உள்ள பட்டன் சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்ப வேண்டும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலை டிசி ஆம்பியரில் வையுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, சிவப்பு முனையைக் கேபிளிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் கிளிப் போட்டு மாட்டுங்கள். இப்போது காரின் மொத்தக் கரண்டும் மீட்டர் வழியாகத்தான் போகிறது. இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

மாட்டியதும் ஓர் ஆம்பியருக்கு மேலேகூடக் காட்டலாம், பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டிகள் உள்ள காராக இருந்தால் அவை தூங்கப் போக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதன்பிறகு 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. என் காரில் 0.42-இல் அப்படியே நின்றது.

0.42 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-அவர் அது (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-அவர்). 45 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டரை நாளில் பாதிக்கு மேல் காலி.

ஃபியூஸ் ஒவ்வொன்றாக

ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் திரும்பச் செருகட்டும். எதைப் பிடுங்கும்போது எண் சரசரவென்று இறங்குகிறதோ, கசிவு அந்த லைனில். எனக்கு உள்விளக்கு ஃபியூஸில் 0.02-க்கு விழுந்தது. 0.4 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் ஐந்து வாட், அதாவது ஒரு சின்ன பல்பு. கூரை விளக்கு, டிக்கி விளக்கு, டாஷ்போர்டு பெட்டி விளக்கு, மூன்றில் ஒன்று.

எந்த ஃபியூஸுக்கும் இறங்கவில்லையா? அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர்களைப் பாருங்கள். பின்னால் சேர்த்த ஆம்ப்ளிஃபயர், அலாரம் போன்றவை முதல் சந்தேகம். (புது ஸ்டீரியோவின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி விட்டிருப்பார்கள். மஞ்சளில் எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் சேர வேண்டியது.) அடுத்தது ஆல்டர்னேட்டர். உள்ளே கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு கெட்டால் ராத்திரி முழுக்கக் குடிக்கும். பேட்டரியை முழுதாகக் கழற்றிய பிறகே ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை எடுத்து, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

சில சமயம் மட்டும் கசிந்தால் ஒட்டிக்கொள்ளும் ரிலேவாக (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) இருக்கலாம். நின்றிருக்கும் காரில் ஒரு ரிலே மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்.

வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்து வோல்ட் பார்க்கப் போனால் மீட்டர் வழியாகப் பேட்டரி ஷார்ட் ஆகும்.

கடைசியில் போனை வீடியோவில் போட்டு டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால், மூடிய பெட்டிக்குள் பல்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. மூடியில் சுவிட்சை அழுத்தும் பிளாஸ்டிக் முனை தேய்ந்து போயிருந்தது. அதன்மேல் ஒரு துண்டு ரப்பர் ஒட்டினேன். மீட்டர் 0.02 காட்டியது.