பன்முக இளையோர் காதல் கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காதல் கதையை வாசகர் கையில் எடுப்பதே அந்த இரண்டு பேரும் எப்படிச் சேரப்போகிறார்கள் என்று பார்க்கத்தான். நாயகி கறுப்பினப் பெண்ணாக இருக்கட்டும், நாயகனுக்குக் காது கேட்காமல் இருக்கட்டும், காதலிக்கிற இருவருமே பெண்களாக இருக்கட்டும், அந்த எதிர்பார்ப்பு மாறுவதில்லை. குறிப்பிட்ட ஒருவர் வகுப்புக்குள் நுழைந்ததும் மனசு படபடக்க வேண்டும். அனுப்பலாமா வேண்டாமா என்று எழுதி எழுதி அழித்த குறுஞ்செய்தி வேண்டும். ஊடல் வேண்டும், சமாதானம் வேண்டும். இனம், மதம், உடல், பாலீர்ப்பு என்று பலதரப்பட்ட பிள்ளைகளை வைத்து எழுதப்படும் இளையோர் காதல் கதைகளில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள், இந்த எளிய விஷயம் நழுவிப்போவதால் வருபவை. அடையாளத்தைப் பிசகில்லாமல் எழுத வேண்டுமே என்ற பதற்றத்திலேயே எழுத்தாளரின் சக்தி முழுவதும் கரைந்துவிடுகிறது. காதல் எழுதப்படாமலே நின்றுவிடுகிறது.

இந்த வாசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களைப் பார்த்ததில், ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இடம்பெற்றவை 349 மட்டுமே. இருபது ஆண்டு கழித்து 1985-ல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் எண்ணியபோது, அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பினப் படைப்பாளிகளுடையவை 18. பதினெட்டு! அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதிய கட்டுரையில், நூல்கள் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் நம் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்க முடியும் என்று சொன்னது இந்தப் பின்னணியில்தான். கண்ணாடி கிடைக்காமலே வளர்ந்த தலைமுறைகளுக்குப் பிறகு வந்தவர்கள் இன்றைய வாசகர்கள். தன்னைப் போன்ற ஒருத்தியை யாரோ விரும்பித் துரத்துவதையும், அவளுக்காக ஒருவன் தவித்து நிற்பதையும் அவர்கள் ஆசையோடு படிக்கிறார்கள். அதே காரணத்தால், போலியை முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்தும் விடுகிறார்கள்.

அடையாளத்தையே சிக்கலாக்குவது

மிகப் பரவலான தவறு இதுதான். காதல் கதைக்கு ஒரு தடை வேண்டும். கைக்கு எட்டுகிற தடை எது? பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை, ஊர் ஏசுகிறது, பள்ளியில் கேலி செய்கிறார்கள். எழுதுகிறவருக்கு இது வசதி. ஆனால் அந்த வாழ்க்கையைத் தினமும் வாழ்கிற பதினாறு வயதுப் பிள்ளை, களைத்துப்போய்ப் பொழுதுபோக்குக்காகப் புத்தகத்தைத் திறந்தால், பகலில் பட்ட அவமானமே பக்கத்திலும் காத்திருக்கிறது.

நான் பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. கதையில் இருக்கும் வெறுப்பை, பாகுபாட்டை எல்லாம் ஒரு நிமிடம் எடுத்துவிடுங்கள். அப்போதும் இந்த இருவரும் முதல் பக்கத்திலேயே சேர முடியாமல் இருக்க ஏதாவது காரணம் இருக்கிறதா? பயம், போட்டி, பழைய காயம், தப்பான புரிதல், ஒருவருக்கொருவர் எதிரான ஆசைகள், இப்படி ஏதாவது? இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு சமூகப் பிரச்சினை பற்றிய கதை. அது எழுதப்பட வேண்டிய கதையாகவும் இருக்கலாம். காதல் கதை என்று அட்டையில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் அடையாளத்துக்குக் கதையில் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. ஒருவர் எப்படிக் காதலிக்கிறார் என்பதை அது தீர்மானிக்க வேண்டும். பேச்சுப் போட்டிக் குழுவில் இரண்டு பேர், தலைமைப் பதவிக்கு இருவருக்கும் போட்டி. அவள் ஹிஜாப் அணிகிற, பிற ஆண்களின் கையைத் தொடாத பெண். இதை ஒரு பாரமாக எழுதினால் கதை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் தொடுதல் இல்லாத காதலில் மற்ற எல்லாவற்றுக்கும் எடை கூடிவிடும் என்பதை உணர்ந்து எழுதினால்? அவன் வாதக் குறிப்புத் தாளின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதிய ஒரு வரி, மேசையின் குறுக்கே நகர்த்தி வைத்த புத்தகம், தொழுகை நேரம் தெரிந்து அவனாகவே பயிற்சியைப் பத்து நிமிடம் தள்ளி வைப்பது. காதல் கதை வாசகர்கள் மிகவும் விரும்பும் அந்த மெல்லப் பற்றும் தீ, இங்கே அவளுடைய நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் அந்தக் காதலே இருக்காது. அடையாளம் கதைக்குள் வேரூன்றியிருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

சக்கர நாற்காலியில் செல்லும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் எந்த இடத்துக்குக் கிளம்புவதானாலும் அங்கே படிகள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். அவன் அதைப் பார்த்து வைத்துவிட்டு, பெருமையடித்துக்கொள்ளாமல், இரண்டு இடங்களைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டால் வாசகி உருகிவிடுவாள். அவளைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு படி ஏறினால் அதே வாசகி புத்தகத்தை மூடிவிடுவாள். இரண்டாவது காட்சியை ரொமான்ஸ் என்று நினைத்து எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த நாற்காலியும் உடலும் அவளுடையவை. அனுமதி கேட்பது அவள் விஷயத்திலும் அதே அளவுக்கு அவசியம்.

காதலை மருந்தாக்குவது

இதற்கு நெருங்கிய உறவு இன்னொரு தவறு. அவன் வந்ததும் அவளுடைய மனச்சோர்வு விலகுகிறது, மாத்திரை தேவைப்படவில்லை, கடைசி அத்தியாயத்தில் நடக்கவே தொடங்கிவிடுகிறாள். குணமானால்தான் மகிழ்ச்சியான முடிவு என்று கதை சொல்லும்போது, குணமாகாத, குணமாகத் தேவையில்லாத வாசகருக்கு அது தரும் செய்தி என்ன? உனக்கு இந்த முடிவு கிடையாது என்பதுதானே. காதல் துணையாக இருக்கலாம். சிகிச்சை வேறு.

விவரம் தெரியாமல் எழுதுவதும் இங்கேதான் அதிகம் பிடிபடும். காது கேளாத பாத்திரம் அறையின் மறுமூலையில் பேசுவதை உதட்டசைவிலேயே ஒரு சொல் விடாமல் படித்துவிடுவதாக எழுதுகிறார்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. உண்மையில் பாதி நேரம் ஊகம்தான், அதுவும் மிகக் களைப்பூட்டும் ஊகம். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டால் நல்ல காட்சியே கிடைக்கும்: அவளோடு பேசுவதற்காக வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி இடம் மாறி உட்காரும் ஒருவன். சைகை மொழி கற்கத் தொடங்கி, தப்புத் தப்பாகச் செய்து, அவளைச் சிரிக்க வைக்கும் ஒருவன்.

சோக முடிவு

அமெரிக்க இளையோர் நூல்களில் ஆணும் ஆணும் காதல்வயப்படுவதைச் சொன்ன முதல் நாவல் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, ஜான் டோனவன் 1969-ல் எழுதியது. அதில் இரு சிறுவர்களுக்கு இடையே நெருக்கம் வந்த பிறகு, நாயகனின் செல்ல நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. செய்த காரியத்துக்குத் தண்டனை என்று அந்தப் பையன் நினைத்துக்கொள்கிறான். அதன் பின் நெடுங்காலம் இந்த வகைக் கதைகளில் விபத்தும் சாவும் பிரிவும் வழக்கமாகவே இருந்தன. நான்சி கார்டன் 1982-ல் எழுதிய நாவலில் இரண்டு பெண்கள் கடைசியில் சேர்ந்தே இருந்தார்கள். 1993-ல் கேன்சஸ் நகரில் அதன் பிரதி எரிக்கப்பட்டது, கேன்சஸ் மாநிலத்தின் ஓலேதா பள்ளி மாவட்டம் நூலகங்களிலிருந்து அதை எடுத்தது, 1995-ல் நீதிமன்றம் திரும்ப வைக்கச் சொன்னது. சந்தோஷமான ஒரு முடிவுக்கு இவ்வளவு போராட்டம்.

இந்த வரலாறு தெரிந்த வாசகர்களிடம், உலகத்துக்குப் புரியவைக்கத்தான் அவளைச் சாகடித்தேன் என்று சொன்னால் எடுபடாது. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே இலக்கணம் வைத்திருந்தது: மையத்தில் காதல், மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு. அந்த உரிமை எல்லாப் பாத்திரங்களுக்கும் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம், குழந்தை வரை ஓட்டிக் காட்டத் தேவையில்லை. இப்போதைக்கு இருவரும் சேர்ந்திருக்கிறார்கள், அடுத்த ஆண்டு வேறு வேறு ஊருக்குப் படிக்கப் போனாலும் முயன்று பார்ப்பார்கள் என்ற அளவே போதும். அந்த வயதுக்கு அதுதான் உண்மையாகவும் இருக்கும்.

யாருக்காகவோ விளக்கிக்கொண்டிருப்பது

பாட்டி ஒரு பிரார்த்தனை சொல்கிறாள், உடனே கதை நின்று அதன் பொருளும் வரலாறும் இரண்டு பத்தி ஓடுகிறது. தன் வீட்டில் நடப்பதை எந்தப் பிள்ளையும் மனசுக்குள் விளக்கிக்கொண்டிருக்காது. விளக்கம் யாருக்காக என்று யோசித்தால், எழுத்தாளர் மனதில் இருப்பது வெளியாள் என்பது தெரிந்துவிடும். சூழலிலிருந்து புரியட்டும், புரியாவிட்டாலும் பாதகமில்லை. நிறமும் அப்படியே. வெள்ளையர்களை முடி, கண், சிரிப்பு என்று வர்ணித்துவிட்டு மற்றவர்களை மட்டும் தோல் நிறத்தால், அதுவும் சாக்லேட், காபி, தேன் என்று தின்பண்டமாக வர்ணிப்பதை வாசகர்கள் எத்தனையோ முறை சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

கறுப்பினத் தோழி, ஓரினக் காதலர் தோழன் என்று நாயகியின் கண்ணீரைத் துடைப்பதற்கென்றே ஒருவரை வைப்பது பழைய வழக்கம். அவருக்கு ஒரு வீடு, ஒரு ஆசை, ஒரு கோபம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கதைக்கு அவர் தேவையில்லை. ஒரு சமூகத்துக்கு ஒருவர் என்று கணக்கு வைத்தால், அந்த ஒருவர் நல்லவராகவே இருந்தாக வேண்டிய கட்டாயம் வரும். இரண்டு மூன்று பேரைக் கொண்டுவந்தால் ஒருத்தி பொறாமைக்காரியாகவும் ஒருவன் சோம்பேறியாகவும் இருக்க இடம் கிடைக்கும்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியேறிய குடும்பம் என்றாலே கொடுமைக்கார அப்பா, அழும் அம்மா என்று எழுதுவதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. கண்டிப்பும் பாசமும் ஒரே ஆளிடம் இருக்கும். மகளின் காதலைக் கேட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவனுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரிக்கிற அப்பாவை எழுதலாமே.

ரகசியத்தைத் திருப்பமாக்குவது

ஒருவனின் பாலீர்ப்பைப் பள்ளி முழுக்கப் போட்டு உடைப்பது, ஒரு திருநர் பாத்திரத்தின் கடந்த காலத்தை அதிர்ச்சித் திருப்பமாக வைப்பது, இரண்டும் ஆபத்தானவை. முதலாவது வன்முறை. அதை எழுதினால் வன்முறையாகவே எழுதுங்கள், அதைச் செய்தவனை அடுத்த அத்தியாயத்தில் காதலனாக்கிவிடாதீர்கள். இரண்டாவது, அவர்கள் ஏதோ ஏமாற்றிவிட்டதாக ஒரு பழியைச் சுமத்துகிறது. யாரிடம் எப்போது சொல்வது என்பதை அந்தப் பாத்திரமே முடிவு செய்யும்போது, சொல்லும் அந்த நொடி காதல் காட்சியாகவே மாறிவிடும். அப்புறம் ஊரறிய மைக்கில் காதலைச் சொல்லும் காட்சி. இன்னும் வீட்டில் சொல்லாத ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பயம்!

எழுதுவது யார் என்ற கேள்வி

கோரின் டைவிஸ் என்ற எழுத்தாளர் 2015-ல் ட்விட்டரில் 'ஓன் வாய்சஸ்' (சொந்தக் குரல்கள்) என்ற ஹேஷ்டேகைத் தொடங்கினார். விளிம்பில் இருப்பவர்களைப் பற்றி அவர்களே எழுதிய நூல்களைப் பரிந்துரைக்க அது எளிய வழி. போகப் போக அது எழுத்தாளர்களிடம் அடையாளச் சான்று கேட்கும் கருவியாகிவிட்டது. ஓரினக் காதல் கதைகளால் புகழ்பெற்ற பெக்கி ஆல்பர்டாலி, இவருக்கு இதை எழுத என்ன தகுதி என்ற தொடர் விமர்சனத்துக்குப் பிறகு, 2020-ல் தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்பதை அறிவிக்க நேர்ந்தது. பன்முகச் சிறுவர், இளையோர் நூல்களுக்காக இயங்கும் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' அமைப்பு 2021-ல் அந்தச் சொல்லைக் கைவிட்டு, எழுத்தாளர்கள் தங்களைத் தாங்களே எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே குறிப்பிடுவது என்று முடிவெடுத்தது. சரியான முடிவு. ஆகவே வாசகர்களும் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும்: எழுத்தாளரின் அந்தரங்கத்தைத் தோண்டாதீர்கள், புத்தகத்தில் இருப்பதை விமர்சியுங்கள்.

அதற்காக, வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் எதையும் எழுதிவிட்டுப் போகலாம் என்று பொருளில்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வாசகர்களிடம் பிரதியைக் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்து அவர் சொன்னதை எல்லோருடைய சம்மதமாகக் காட்டாதீர்கள். அச்சுக்குப் போகும் வாரத்தில் கொடுத்தால் சொற்களைத்தான் மாற்ற முடியும், கதையை மாற்ற முடியாது, அதனால் முதல் வரைவு முடிந்ததுமே கொடுங்கள். அவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். எது தவறு என்று மட்டும் கேட்காமல், எந்த இடத்தில் இந்த இருவரும் சேர வேண்டும் என்று மனசு துடித்தது என்றும் கேளுங்கள். அப்படி ஒரு இடமும் இல்லை என்று பதில் வந்தால், தகவல் பிழைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காதல் காட்சிகளைத் திரும்ப எழுதுங்கள்.