திருத்தத்தின் வழியே தன் எழுத்தை அறிவதில் நேரும் தவறுகள்

முதல் தவறு கோப்பைச் சேமிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. முதல் வரைவின் மீதே திருத்தி, அதே பெயரில் சேமிப்பவருக்கு, ஆறு மாதம் கழித்துத் தன் எழுத்து எவ்வாறு மாறியது என்று பார்க்க இறுதி வடிவம் மட்டுமே எஞ்சும். இரண்டு வரைவுகளை அருகருகே வைத்தால்தான் மாற்றம் கண்ணில் படும் என்பதால், ஒவ்வொரு வரைவையும் தேதியிட்ட தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். கையால் எழுதுபவர்கள், நீக்கும் வரியைப் பின்னாளில் படிக்க முடிகிறவாறு ஒற்றைக் கோட்டால் அடித்தால் போதும்.

மெய்ப்புப் பார்ப்பதையே திருத்தம் என்று எண்ணுவது மற்றொரு தவறு. ஒற்றுப் பிழையும் எழுத்துப் பிழையும் களையப்பட வேண்டியவையே; ஆனால் அவற்றை மட்டும் களைந்த வரைவு, எழுதியவரின் சிந்தனை எங்கே தெளிந்தது என்பதைச் சொல்லாது.

இவற்றைவிடப் பெரிய தவறாக நான் கருதுவது, 'என் நடை மேம்பட்டிருக்கிறது' என்று பொதுப்படச் சொல்லி முடித்துக்கொள்வதை. எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று சுட்ட முடியாத மேம்பாட்டை அடுத்த படைப்புக்குக் கொண்டுசெல்ல இயலாது. 'அவள் மிகுந்த துயரத்தோடு கண்ணீர் மல்க அழுதாள்' என்பது முதல் வரைவு என்று கொள்வோம். இரண்டாம் வரைவில் அது 'அவள் அழுதாள்' என்று சுருங்குகிறது. மூன்றாம் வரைவில், 'கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தவள், மறுபடியும் எடுத்துப் பிரித்தாள்' என்று மாறுகிறது. முதல் மாற்றம் மிகையைக் களைந்தது. இரண்டாவதோ, உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் செயலைக் காட்டக் கற்றுக்கொண்டது. இவ்விரண்டும் வெவ்வேறு திறன்கள் என்பதைப் பிரித்தறிவதற்கு, நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்கள் இன்றும் எனக்கு உதவுகின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் (சொல்லவந்ததை விட்டு வேறொன்றை விரித்தல்), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக நடை தளர்ந்து முடிதல்) போன்ற அப்பெயர்களை வரைவின் ஓரத்தில் குறித்துவந்தால், எந்தக் குற்றம் குறைந்துவருகிறது, எது விடாமல் தொடர்கிறது என்பது சில படைப்புகளிலேயே புலப்பட்டுவிடும்.

வரைவுகளின் எண்ணிக்கையை வளர்ச்சியின் அளவாகக் கொள்வதும் பொருந்தாது. தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதியதாக அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1958-இல் வெளியான நேர்காணலில் கூறினார். அங்கே என்ன சிக்கல் என்று கேட்டபோது, சொற்களைச் சரியாக அமைப்பதே என்றார். 39 என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தப் பதிலை மறந்துவிடுகிறார்கள்.

பிறர் சொல்லும் திருத்தங்களை அப்படியே ஏற்பவர்கள், ஏற்றதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். இல்லையெனில் அந்த அறிவு திருத்தியவரிடமே தங்கிவிடும்.

பழைய எழுத்தைக் கண்டு வெட்கப்பட்டு அதை அழித்துவிடுவதும், திருத்திய வடிவமே எப்போதும் சிறந்தது என்று நம்புவதும் ஒரே தவறின் இரு முகங்கள். பழைய கட்டுரை ஒன்றின் வரைவுகளை அண்மையில் ஒப்பிட்டபோது, இரண்டாம் வரைவில் நான் நீக்கிய பத்தி, இறுதி வடிவத்தில் உள்ள எதையும்விட உயிரோட்டமாக இருப்பதைக் கண்டேன். அதை ஏன் நீக்கினேன் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. இப்போது அந்தப் பத்தியை மீண்டும் சேர்த்து, அதன் பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் குறித்திருக்கிறேன்.