பிரியும் வேளையில் விசுவாசத்தைப் பற்றிக்கொள்வது எப்படி?

‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய நாளிலிருந்து பல கிறிஸ்தவ வீடுகளில் ஒரு மௌனம் தொடங்கிவிடுகிறது. கர்த்தர் அற்புதம் செய்வார் என்று ஜெபித்துக்கொண்டே மரணத்தைப் பற்றிப் பேசினால் அது அவிசுவாசம் ஆகிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆனால் சுகத்துக்காக மன்றாடுவதும் விடைகொடுக்க ஆயத்தமாவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தம் பாடுகளாகிய பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த அதே இயேசு, அந்த இரவில்தான் சீஷர்களோடு பந்தியிருந்து, தாம் பிரிந்துபோவதைப் பற்றி அவர்களிடம் விரிவாகப் பேசினார். ஆகவே படுக்கையிலிருக்கும் தகப்பனார், ‘நான் போனபிறகு...’ என்று தொடங்கும்போது, ‘அப்படியெல்லாம் சொல்லாதீங்க அப்பா’ என்று தடுத்துவிடாமல், ‘சொல்லுங்கப்பா’ என்று அருகில் உட்காருங்கள். அவர் சொல்ல வருவது பெரும்பாலும் அம்மாவைப் பற்றியதாக இருக்கும். சிலுவையில் தொங்கிய நேரத்திலும் இயேசு தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்புவித்ததை நினைவில் வைத்து, ‘அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யார் பொறுப்பில் என்பதையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள்.

குருவானவரை அழைப்பதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட வேண்டாம். சாமியார் வந்தால் அப்பா பயந்துவிடுவார் என்று கத்தோலிக்கக் குடும்பங்கள் சில தயங்குவதுண்டு. நோயில்பூசுதல், அதாவது குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் திருவருட்சாதனம், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமுரியதல்ல என்பதை கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தெளிவுபடுத்தியுள்ளது. நினைவு தெளிவாக இருக்கும்போதே அழைத்தால் நோயாளி பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யவும் ஜெபங்களுக்கு மறுமொழி சொல்லவும் முடியும். தென்னிந்தியத் திருச்சபையினரும் சபை ஆயரிடம் கேட்டு வீட்டிலேயே திருவிருந்து பெறலாம். விழுங்குவது கடினமாகிவிட்டால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பத்தின் மிகச் சிறிய துணுக்கைக் கொடுப்பதும், அதுவும் இயலாவிட்டால் திராட்சரசத்தில் ஓரிரு துளி கொடுப்பதும் வழக்கமே.

வேதம் வாசிக்கும்போது நீளமான பகுதிகளைத் தவிர்த்து, 23ஆம் சங்கீதம், 121ஆம் சங்கீதம், யோவான் 14ஆம் அதிகாரத்தின் முதல் சில வசனங்கள் போன்றவற்றை, அவர் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த அதே மொழிபெயர்ப்பில் மெதுவாக வாசியுங்கள். பேச்சு நின்றுபோன ஒரு பாட்டி, ‘நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்’ என்று பேத்தி வாசிக்கையில் உதடுகளை மட்டும் அசைத்துக் கூடவே சொல்வது உண்டு. நெடுநாள் பழகிய வசனங்கள் அவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கின்றன. காது கேட்பது கடைசிவரை இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வதால், நினைவு தப்பியபிறகும் நிறுத்த வேண்டாம். துபாயிலோ தோஹாவிலோ விடுப்புக் கிடைக்காமல் தவிக்கும் மகனும், செல்பேசியை அப்பாவின் காதருகே வைக்கச்சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டியதைக் கேட்கலாம், நன்றியைச் சொல்லலாம், சேர்ந்து பாடிய ஒரு கீர்த்தனையைப் பாடலாம்.

அழுகிறவர்களை ‘விசுவாசி அழலாமா?’ என்று கண்டிப்பவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். ‘இனி என் முகத்தைக் காணமாட்டீர்கள்’ என்று பவுல் சொன்னபோது எபேசு சபையின் மூப்பர்கள் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு மிகவும் அழுதார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். துக்கமே கூடாது என்று அவர் எழுதவில்லை. ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசியுங்கள். இருளிலேயே முடியும் அந்த மன்றாட்டும் வேதத்தில் இடம்பெற்ற ஜெபம்தான்.

அடக்க ஆராதனை முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பியபின் வீட்டில் எஞ்சியிருப்பவருக்கே துணை மிகவும் தேவைப்படும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததைப் போல, சபையில் இரண்டொருவர் முறைவைத்து மாலை நேரத்தில் வந்து உட்காரும்படி ஆயரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.