கையெழுத்தான சட்டத்தை அமெரிக்க அதிபர் ஒதுக்கிவைக்க முடியுமா? நீங்களே சரிபார்க்க ஒரு வழி

நியூ ஜெர்சியில் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட அம்மா அப்பாக்கள். மசோதாவில் கையெழுத்திட்டுச் சட்டமாக்குவது யார், மசோதாவை வீட்டோ செய்வது, அதாவது மறுத்துத் திருப்பி அனுப்புவது யார் என்ற இரண்டு கேள்விக்கும் ‘அதிபர்’ என்ற பதில் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் யாராவது கேட்பார்கள்: “கையெழுத்தும் போட்டாச்சு, இதை நடத்த மாட்டேன்னும் சொல்றாரே, அது எப்படிம்மா செல்லும்?” தேர்வில் இந்தக் கேள்வி வராது. ஆனால் இங்கே ஓட்டுப் போடப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். செய்தியைப் பார்த்துக் கோபப்படுவதற்கோ கைதட்டுவதற்கோ முன்னால், ஒரு மாலை உட்கார்ந்தால் நாமே சரிபார்த்துவிடலாம். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில், பேச்சு அடிபடும் விஷயம் சட்டமாகிவிட்டதா, எப்படி ஆனது என்று பாருங்கள். அரசியலமைப்பின் முதல் ஷரத்து, 7-ஆம் பிரிவுப்படி, காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா கைக்கு வந்ததும் அதிபருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக 10 நாள். கையெழுத்திடலாம். ஆட்சேபங்களை எழுதித் திருப்பி அனுப்பலாம். அதை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தள்ளிவிட்டுச் சட்டமாக்கலாம். அதிபர் எதுவும் செய்யாமல் வைத்திருந்தால், காங்கிரஸ் கூடியிருக்கும் காலத்தில் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும். தமிழ்நாட்டில் ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் வைத்த வழக்கைக் கவனித்தவர்கள் இதையும் அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தத் தகராறு கையெழுத்துக்கு முன்னால் நடந்தது. நம் கேள்வி கையெழுத்துக்குப் பின்னால் நடப்பதைப் பற்றியது.

அந்த 10 நாள்தான் அதிபர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான இடம். சட்டத்தில் இந்தப் பாதி பிடிக்கிறது, அந்தப் பாதி பிடிக்கவில்லை என்று பிரித்து எடுக்க வழியில்லை. 1996-இல் காங்கிரஸே அப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தது: கையெழுத்தான சட்டத்திலிருந்து சில செலவு இனங்களையும் வரிச் சலுகைகளையும் அதிபர் ரத்து செய்யலாம் என்றது. கிளின்டன் அதைப் பயன்படுத்தினார். 1998-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. காங்கிரஸ் மனமுவந்து கொடுத்தே வாங்கிக்கொள்ள முடியாத அதிகாரத்தை ஓர் அதிபர் தானாக எடுத்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால், அதற்கான ஆதாரத்தை அவர்தான் காட்ட வேண்டும். இந்தப் பாடம் முழுக்க நான் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை இதுதான்.

சரி, அடுத்தது சட்டத்தின் மூல வாசகம். காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் சட்டத்தின் பெயரைப் போட்டால் கிடைத்துவிடும். செய்திச் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்கிற வரிகளை மட்டும் தேடுங்கள். வினைக்கு முன்னால் ‘ஷால்’ (shall) என்று இருந்தால் அது கட்டளை. ‘மே’ (may) என்று இருந்தால் செய்யலாம், விடலாம். வகுப்பில் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருந்தார். ஜி.ஓ. படித்துப் பழகிய கண், இந்த வரிகளை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

விதிவிலக்கு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பார்க்காமல்தான் பலரும் அதிபர் சட்டத்தை மீறிவிட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றச் சொன்னது. கிளின்டன் கையெழுத்திடவில்லை, கையெழுத்து இல்லாமலே அது சட்டமானது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தூதரகம் நகரவில்லை. ஆனால் யாரும் சட்டத்தை மீறவில்லை. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆறு மாதம் ஆறு மாதமாகத் தள்ளிப்போடும் அதிகாரத்தைச் சட்டமே அதிபருக்குக் கொடுத்திருந்தது.

மூன்றாவது, கையெழுத்திட்ட அன்று அதிபர் என்ன எழுதினார் என்பது. இதற்குப் பெயர் சைனிங் ஸ்டேட்மென்ட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையத் தொகுப்பில் அதிபர்களின் அறிக்கைகளைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். முதல் பத்திகளில் நன்றியும் பாராட்டும் இருக்கும், தாண்டிப் போங்கள். ‘என் அரசியலமைப்பு அதிகாரத்துக்கு இசைய இந்தப் பிரிவைப் பொருள்கொள்வேன்’ என்பது மாதிரி ஒரு வரி கடைசிப் பக்கம் வரும். 2005 டிசம்பர் 30 அன்று, கைதிகளைச் சித்திரவதை செய்வதைத் தடுக்கும் விதி அடங்கிய சட்டத்தில் கையெழுத்திட்டபோது ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அப்படித்தான் எழுதினார். அந்த வரியைப் படித்தபோது வந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் இந்த அறிக்கை சட்டமல்ல. அது ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். எழுதியதை உண்மையில் செய்தார்களா என்பது தனிக் கேள்வி. ஜி.ஏ.ஓ. எனப்படும் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2007-இல் இப்படி ஆட்சேபிக்கப்பட்ட 19 விதிகளைப் பரிசோதித்தது. அவற்றில் 10 எழுதியபடியே நடந்திருந்தன, 6 நடக்கவில்லை, மீதி 3-க்கு நடவடிக்கை தேவைப்படும் நிலையே வரவில்லை. அதனால் அறிக்கையைப் பார்த்த உடனே சட்டம் செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது கடினமான பகுதி: அதிபர் சொல்லும் காரணம் எந்த வகை? பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண், நான் காப்பதாகச் சத்தியம் செய்தது அரசியலமைப்பை’ என்பது முதல் வகை. இது வெறும் சாக்கு அல்ல. 1994-இல், அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் துறையில் வால்டர் டெலிஞ்சர் எழுதிய குறிப்பு இதற்கு அளவுகோல் தருகிறது: சட்டம் செல்லும் என்ற அனுமானத்தில் தொடங்க வேண்டும், உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிடும் என்று தோன்றினால், அதிபருக்குப் பிடிக்காவிட்டாலும் நடத்தியே ஆக வேண்டும். இந்த வகையில் அதிபர் ஜெயித்ததும் உண்டு. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கர் கேட்டால் பாஸ்போர்ட்டில் ‘இஸ்ரேல்’ என்று பதியச் சொன்ன 2002-ஆம் ஆண்டுச் சட்ட விதியை, கையெழுத்திட்ட புஷ்ஷும் நடத்தவில்லை, பின்னால் வந்த ஒபாமாவும் நடத்தவில்லை. வெளிநாடுகளை அங்கீகரிப்பது அதிபரின் தனி அதிகாரம் என்று 2015-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இப்படி ஜெயிப்பது அபூர்வம். 1952-இல் எஃகு ஆலைகளைக் கைப்பற்றிய ட்ரூமன் தோற்ற வழக்கில் நீதிபதி ஜாக்சன் சொன்னபடி, காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போகும்போதுதான் அதிபரின் பலம் மிகக் குறைந்த மட்டத்தில் இருக்கிறது.

இரண்டாவது வகை, ‘ஆட்களும் நேரமும் போதாது, யார் மீது வழக்குப் போடுவது என்பது என் விருப்பம்’. தெருவில் போகும் ஒவ்வொரு வேக மீறலுக்கும் போலீஸ்காரர் ரசீது எழுதுவதில்லை, அந்த மாதிரி. 1985-இல் உச்ச நீதிமன்றமே இதைப் பெரும்பாலும் நீதிமன்றங்கள் தொடாது என்றது. ஆனால் அதே தீர்ப்பின் அடிக்குறிப்பில், ஒரு துறை தன் சட்டக் கடமையையே கைகழுவிவிட்டது என்னும் அளவுக்குப் பொதுவான கொள்கை வகுத்தால் நிலைமை வேறு என்று வாசலைத் திறந்தும் வைத்தது. ‘இவரை விட்டுவிடுகிறேன்’ என்பதும் ‘இந்தச் சட்டத்தையே விட்டுவிடுகிறேன்’ என்பதும் ஒன்றல்ல. உங்கள் பென்சில் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

பயிற்சிக்கு டிக்டாக் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 24 அன்று பைடன் கையெழுத்திட்டார். 270 நாளில் சீன உரிமையாளரிடமிருந்து விலகாவிட்டால், 2025 ஜனவரி 19 முதல் அந்தச் செயலியை அமெரிக்காவில் விநியோகிப்பது சட்டவிரோதம் என்றது அது. உள்ளே ஒரு விதிவிலக்கு இருந்தது: விற்பனைக்கான ஒப்பந்தங்கள் கையில் இருப்பதாகக் காங்கிரஸுக்குச் சான்றளித்தால், அதிபர் ஒரே ஒரு முறை 90 நாள் வரை நீட்டிக்கலாம். ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டம் செல்லும் என்றது. ஆக முதல் வகைக் காரணம் பெருமளவு அடைபட்டது. ஜனவரி 20 அன்று டிரம்ப், 75 நாள்களுக்குச் சட்டத்தை அமல்படுத்தக் கூடாது என்று அட்டர்னி ஜெனரலுக்கு ஆணையிட்டார். பிறகு அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார். சட்டம் சொன்ன சான்றைக் கொடுத்து நீட்டித்ததல்ல அது. நிறுவனங்களுக்கு எழுதிய கடிதங்களில், அவர்கள் மீது வரக்கூடிய உரிமைக் கோரிக்கைகளையே அரசு கைவிடுவதாக அட்டர்னி ஜெனரல் சொன்னார். டிக்டாக் பிடிக்குமா பிடிக்காதா என்பதை ஒதுக்கிவிட்டு, மேலே சொன்ன கேள்விகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். இது வழக்குப் போடும் விருப்பத்தின் எல்லைக்குள் நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்ததற்கு, வேண்டியவர்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்ததும் ஒரு காரணம். 1689-இன் உரிமைச் சாசனம் மன்னருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. 1787-இல் பிலடெல்பியா மாநாட்டிலும், சட்டத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கும் அதிகாரம் அதிபருக்கு வேண்டும் என்று பியர்ஸ் பட்லர் முன்மொழிந்தார், பெஞ்சமின் பிராங்க்ளின் வழிமொழிந்தார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

மூன்றாவது வகை பணம்: ஒதுக்கிய தொகையைச் செலவிடாமல் பிடித்துவைப்பது. 1972-இல் நிக்சனின் வீட்டோவைத் தள்ளிவிட்டுக் காங்கிரஸ் நிறைவேற்றிய நீர் மாசுத் தடுப்புச் சட்டம் முதலாண்டுக்கு 500 கோடி டாலர், அடுத்த ஆண்டுக்கு 600 கோடி என்றது. அவர் 200, 300 கோடிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றார். நியூ யார்க் நகரம் வழக்குப் போட்டு 1975-இல் ஜெயித்தது. இதற்கிடையே 1974-இல் காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டது: பணத்தை ரத்து செய்ய விரும்பினால் அதிபர் காங்கிரஸிடம் கேட்கலாம், காங்கிரஸ் கூடியிருக்கும் 45 நாளில் அது சம்மதிக்காவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். உக்ரைனுக்கான சுமார் 21.4 கோடி டாலர் ராணுவ உதவியை டிரம்ப் நிர்வாகம் பிடித்துவைத்தது இந்தச் சட்டத்தை மீறியது என்று 2020 ஜனவரியில் ஜி.ஏ.ஓ. முடிவு சொன்னது.

இங்கே தேதியைக் கவனியுங்கள். நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடியும். 2025 ஆகஸ்ட் கடைசியில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கேட்டு டிரம்ப்பிடமிருந்து காங்கிரஸுக்குக் கடிதம் போனது. 45 நாள் முடிவதற்குள் பணமே காலாவதியாகிவிடும் என்பது கணக்குப் போட்டாலே தெரியும். செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அவசர ஆணை ஒன்றில், வழக்குப் போட்ட அமைப்புகளுக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்காது போலிருக்கிறது என்று சொல்லி, அந்தப் பணத்தில் பெரும்பகுதியை நிறுத்திவைக்க அனுமதித்தது. இது இறுதித் தீர்ப்பல்ல.

அதனால்தான் கடைசிக் கேள்வி முக்கியம்: பாதிக்கப்பட்டவர் யார், அவருக்கு நீதிமன்றம் ஏற வழி உண்டா? தபால் ஒப்பந்தக்காரர்களுக்குக் காங்கிரஸ் சட்டம் போட்டுக் கொடுக்கச் சொன்ன பாக்கியில் ஒரு பகுதியை, போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஏமஸ் கெண்டல் தர மறுத்தார். சட்டங்கள் ஒழுங்காக நடக்கப் பார்த்துக்கொள்ளும் கடமைக்குள் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்ற வாதத்தை 1838-இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அங்கே கையில் கணக்கோடு நிற்க, பணம் வர வேண்டிய ஒருவர் இருந்தார். டிக்டாக் விஷயத்தில் விலக்குப் பெற்றவர்கள் வழக்குப் போடப்போவதில்லை. மற்றவர்களுக்குத் தனிப்பட்ட நஷ்டத்தைக் காட்டுவது கஷ்டம்.

அப்படியானால் நம்மால் என்ன செய்ய முடியும்? காங்கிரஸ் உறுப்பினர் கேட்டால் ஜி.ஏ.ஓ. சட்டக் கருத்து சொல்லும். எனவே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். சட்டத்தின் எண், பிரிவு, ‘ஷால்’ என்று வரும் அந்த வரி, கெடு தேதி, நடக்காமல் போனது என்ன, ஜி.ஏ.ஓ.விடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கோரிக்கை, உங்கள் முகவரி. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். குடியுரிமை இன்னும் வராதவர்களும் எழுதலாம்.