பாறையும் பாயும்: புவியின் உட்புறத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியின் கவசத்தை, அதாவது மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கை, கொதிக்கும் பாறைக்குழம்புக் கடலாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. நிலநடுக்கத்தின் எஸ் அலை (பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்வது) திரவத்தில் பரவாது; கவசத்திலோ தடையின்றிப் பரவுகிறது. ஆக, கவசம் திண்மம். அதே பாறைதான் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் பாயவும் செய்கிறது.

இதில் முரண்பாடு இல்லை. கவசத்தின் பாகுநிலை, அதாவது பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பு, சுமார் 10²¹ பாஸ்கல் விநாடி. அதை விறைப்புக் குணகத்தால் (வடிவம் மாறுவதற்குக் காட்டும் எதிர்ப்பு), அதாவது ஏறத்தாழ 10¹¹ பாஸ்கலால், வகுத்தால் 10¹⁰ விநாடி கிடைக்கும். கிட்டத்தட்ட 300 ஆண்டுகள். விசை அதைவிடக் குறைந்த நேரமே நீடித்தால் பாறை மீள்பொருள் (விசை விலகினால் பழைய வடிவுக்குத் திரும்பும்), வெகுகாலம் நீடித்தால் பாய்மம். ஸ்காண்டிநேவியாவை அழுத்திய பனிப்பாளம் உருகி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகின்றன. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவின் வடகரை இன்னும் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயர்கிறது. இந்த எழுச்சியை வைத்துத்தான் புவியியற்பியலாளர் ஹாஸ்கெல் 1935-இல் பாகுநிலையைக் கணித்தார். எனவே சமன்பாட்டைத் தொடும் முன் நிகழ்வின் கால அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உந்தம். "இந்தியத் தட்டு வந்த வேகத்தில் மோதி இமயமலை எழுந்தது" என்று பலரும் எழுதுகிறார்கள். நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்: அடர்த்தி கனமீட்டருக்கு 4,000 கிலோகிராம், வேகம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் (விநாடிக்கு 1.6×10⁻⁹ மீட்டர்), ஆழம் 2.9×10⁶ மீட்டர். மூன்றையும் பெருக்கினால் வருவது 19தான். அதைப் பாகுநிலையான 10²¹-ஆல் வகுத்தால் 2×10⁻²⁰. நிலைமத்துக்கு இங்கே வேலையே இல்லை, கொந்தளிப்புக்கும் அப்படியே. விசை நின்றால் தட்டும் நிற்கும். இமயமலை எழுவது இன்றும் ஓயாமல் செயல்படும் விசைகளால்.

வெப்பச்சலனத்துக்கு ராலே எண் (சலனத்தைத் தூண்டும் மிதப்புக்கும் அதைத் தடுக்கும் பாகுநிலை, வெப்பக்கடத்தலுக்கும் உள்ள விகிதம்) கணக்கிடும்போது மேலுக்கும் அடிக்கும் உள்ள முழு வெப்பநிலை வேறுபாட்டை அப்படியே போடாதீர்கள். அழுத்தத்தால் மட்டும் ஏறும் வெப்பத்தைக் கழித்துவிட வேண்டும். மிதப்புவிசையைத் தருவது மிச்சம்தான். ஆழம் மும்மடியில் வருவதால், அதைப் பாதியாக எடுத்தால் விடை எட்டில் ஒரு பங்காகிவிடும். முழுக் கவசத்துக்கு இந்த எண் 10⁷ அளவில் வரும். சலனம் தொடங்க ஆயிரம் போதும்.

பழைய கட்டுரைகளில் பாகுநிலை பாய்ஸ் அலகில் இருக்கும்: 10²² பாய்ஸ் என்றால் 10²¹ பாஸ்கல் விநாடி. இந்த மதிப்பைக் கவசத்துக்கு அடியிலுள்ள வெளிக்கருவுக்குக் கொண்டுபோகவே கூடாது. அங்கே இருப்பது உருகிய இரும்பு. ஆண்டுக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. புவியின் சுழற்சியால் எழுவதும் கவசத்தில் ஒதுக்கிவிடக்கூடியதுமான கோரியாலிஸ் விசைதான் அங்கே ஓட்டத்தின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.